சாந்தா மோனிகா மடத்தின் சுண்ணாம்புப் பூச்சு குறித்து ஒரு திறந்த மடல்

பழைய கோவாவின் சாந்தா மோனிகா கன்னியர் மடத்தைப் பழுதுபார்த்துப் பேணும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு,

வணக்கம். மழை விட்ட பின் ஒரு காலையில் மடத்துக்கு வந்திருந்தேன். ஒரு பக்கம் சாரம் கட்டி, பூச்சு உதிர்ந்த இடங்களில் புதுச் சுண்ணாம்புச் சாந்து பூசிக்கொண்டிருந்தார்கள். வெறுமையாகத் தெரிந்த செம்புராங்கல்லைத் தொட்டேன்; துருவைத் தொட்டதுபோல் விரலில் செந்தூள் ஒட்டியது. அருகே நின்ற ஒருவர் தம் மகளிடம், "இவ்வளவு அழகான பழைய கல்லை ஏன் வெள்ளையடித்துக் கெடுக்கிறார்கள்?" என்றார். இம்மடலை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

அவரைக் குறை சொல்ல முடியாது. சற்றுத் தொலைவில் இருக்கும் போம் ஜேசு பேராலயத்தைச் சிவந்த கல்லாகவே பார்த்துவிட்டு வருபவர்களுக்கு, பழமை என்றால் அந்த நிறம்தான். ஆனால் அதுவும் சுண்ணாம்புப் பூச்சோடு நின்ற கட்டடமே. 1950களில் பல்தசார் காஸ்த்ரோ என்ற போர்த்துகீசியக் கட்டடக்கலைஞரின் மேற்பார்வையில்தான் பூச்சு உரிக்கப்பட்டது. செம்புராங்கல் நுண்துளைகள் நிறைந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில், மேல்பூச்சு இல்லாவிட்டால் அது நீரை உறிஞ்சி மெல்லக் கரைகிறது. சிமெண்ட் பூசினாலோ உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் போகிறது. சுண்ணாம்பு மட்டுமே மழையைத் தடுத்துக்கொண்டு கல்லை மூச்சுவிடவும் விடுகிறது.

எதிரே நிற்கும் புனித அகஸ்தீனார் கோபுரத்தைக் காட்டினாலே போதும், பாதி விளக்கம் முடிந்துவிடும். கைவிடப்பட்ட அந்த ஆலயத்தின் வளைகூரை 1842இல் விழுந்தது. 1931இல் முகப்பும் கோபுரத்தின் பாதியும் சரிந்தன. உங்கள் மடமோ, 1606இல் பேராயர் மெனெசஸ் அடிக்கல் நாட்டி 1627இல் கட்டி முடிக்கப்பட்டு, அடுத்த பத்தாண்டுக்குள் தீ விபத்தையும் கண்டு, பிறகு போர்த்துகல் அரசு துறவற சபைகளைக் கலைத்ததால் புதிதாக எவரையும் சேர்க்க முடியாமல், கடைசிக் கன்னியரின் மறைவோடு வெறிச்சோடியும், பெரிய முட்டுச்சுவர்களின் துணையோடு மூன்று மாடியாய் இன்னமும் நிற்கிறது. (அந்த முட்டுச்சுவர்களை அண்ணாந்து பார்த்தே எனக்குக் கழுத்து வலித்தது.)

ஆகவே ஒரு வேண்டுகோள். வேலை நடக்கும் சாரத்தின் அடியிலேயே, ஏன் பூசுகிறோம் என்பதைக் கொங்கணி, மராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள். ஓரிடத்தில், மழை படாத உட்சுவராகப் பார்த்து, ஒரு முழ அகலத்துக்குக் கல், பழைய பூச்சு, புதுப் பூச்சு என மூன்றும் வரிசையாகத் தெரியும்படி விட்டுவையுங்கள். கொத்தனார்கள் சுண்ணாம்பு குழைப்பதைப் பார்வையாளர்கள் பாதுகாப்பான தொலைவில் நின்று பார்க்க, வாரத்தில் ஒரு நாளாவது இசைவு தாருங்கள். மடத்துக்குள் இருக்கும் கிறித்தவக் கலை அருங்காட்சியகத்துக்கு வருபவர்கள் எப்படியும் அந்தச் சுவரைக் கடந்துதான் போகிறார்கள்.

அடுத்த மழைக்குப் பின் மறுபடியும் வருவதாக இருக்கிறேன். அந்தப் பலகையைத்தான் முதலில் தேடுவேன்.

இப்படிக்கு,
பார்வையாளர்களில் ஒருவன்