பெயர் வேண்டாம் என்ற தக்கலை அக்காவுக்கு நன்றி

கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர்களுக்குச் சளியை வெளியேற்றக் கற்றுத்தந்த பிசியோதெரபி அக்கா, ரொம்ப நன்றி. வயிற்றுத்தசை செயலிழந்தால் இருமலில் விசை இருக்காது. சளி தொண்டைவரை வந்து நின்றுவிடும்.

ஆழ மூச்சிழுக்கச் சொல்லி, உள்ளங்கையைத் தொப்புளுக்குச் சற்று மேலே வைத்து, இருமும் அதே நொடியில் உள்ளும் மேலுமாக அழுத்தணும். பிந்தினால் வீண். நெஞ்செலும்பு முனையில் கை படக்கூடாது. விலா ஒடிந்திருந்தால் செய்யவே வேண்டாம். மூச்சு போதாதவருக்கு ஆம்பு பையால் (கையால் அமுக்கி நுரையீரலுக்குக் காற்று ஏற்றும் பை), காற்றை வெளியே விடாமல் 2, 3 முறை ஏற்றிவிட்டு அழுத்தணும். மரச்சீனியும் மீனும் தின்ற கையோடே செய்தால் வாந்தி வந்து புரையேறும், அதையும் நீங்கதான் சொன்னீங்க.

வீல்சேரில் உட்காரும்போது மூச்சுக்குத் துணையாக வயிற்றைச் சுற்றிக் கட்டும் வயிற்றுப்பட்டை. அது விலாமேல் ஏறினால் மூச்சுக்குப் பட்டையே எதிரி.