முகாம் மருத்துவமனையில் பார்த்த வேலை அனுபவம் ஆகாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனிதாபிமான உதவி அமைப்புகளின் வழியாக வெளிநாடு சென்று பணியாற்றித் திரும்பும் செவிலியர்களையும் மருத்துவர்களையும் நம் பகுதி மருத்துவமனைகள் எப்படி மதிப்பிடுகின்றன என்பது குறித்து எழுதுகிறேன். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் சார்பில் தெற்கு சூடானின் பென்டியூவில், போரால் இடம்பெயர்ந்தோருக்கான முகாம் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுச் செவிலியராக இருந்துவிட்டுக் காரைக்குடி திரும்பினேன். இங்கே ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கேட்டபோது, அந்தக் காலத்தைப் பணி இடைவெளி என்று குறித்துக்கொண்டு, அதற்கேற்ப ஊதியத்தையும் குறைத்தே சொன்னார்கள். "சேவைக்குத்தானே போனீர்கள்?" என்று நேர்காணலில் கேட்டவர் ஏளனமாகக் கேட்கவில்லை, மனதார அப்படித்தான் நம்புகிறார்.

தன்னார்வலர் என்றாலே முகாமில் மாத்திரை கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வருபவர் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. 1971-இல் பாரிஸில் மருத்துவர்களும் பத்திரிகையாளர்களும் சேர்ந்து தொடங்கி, 1999-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற இந்த அமைப்பு, படிப்பு முடித்த கையோடு வருபவர்களைப் பொதுவாக எடுப்பதில்லை. பணி அனுபவம் கேட்கிறது. முதல் முறை செல்லும் செவிலியர் பல மாதங்கள் தங்கியாக வேண்டும். ஒப்பந்தம் உண்டு, மாதச் சம்பளமும் உண்டு, சிறியதுதான் என்றாலும்.

அங்கே என்ன வேலை என்று கேட்பவர்களுக்காக ஒன்றை மட்டும் சொல்கிறேன். மெலிந்து வரும் குழந்தையின் மேற்கையை வண்ண நாடாவால் அளக்கிறோம், 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் சிவப்பு, அதாவது கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. பசித்த பிள்ளைக்கு வயிறு நிறையக் கொடுக்கத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் எடுத்த எடுப்பில் அப்படிக் கொடுத்தால் அந்த உடம்பு தாங்காது. எஃப்-75 என்ற சிகிச்சைப் பாலை எடைக்கேற்ப அளந்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, நள்ளிரவிலும் தவறாமல், குடிக்க முடியாத குழந்தைக்கு மூக்குக் குழாய் வழியாகவும் கொடுத்து, பசி திரும்பி, உடம்பில் நீர் கோத்த வீக்கம் இருந்தால் அதுவும் வடியத் தொடங்கிய பிறகே, சத்துகள் சேர்த்துத் தயாரித்த நிலக்கடலைப் பசைக்கு மாற்ற வேண்டும். ட்ரிப்ஸ் ஏற்றினால்தான் வைத்தியம் பார்த்ததாக நம் ஊரில் நினைக்கிறோம். அந்தக் குழந்தைகளுக்கு யோசிக்காமல் ஏற்றினால் அதுவே எமனாகிவிடும். மானிட்டர் எல்லாப் படுக்கைக்கும் கிடையாது என்பதால், மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணியும் கைகால்களின் சூட்டைத் தொட்டுப் பார்த்தும் நிலைமையைக் கணிக்க வேண்டும். இவற்றில் பெரும்பகுதியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அந்நாட்டுச் செவிலியர்களே என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே பணியாளர்களில் பெரும்பாலோர் அவர்கள்தாம். எங்களைப் போன்றவர்கள் வந்து போகிறவர்கள்.

முகாமில் கற்றது ஊர் மருத்துவமனைக்கு உதவுமா என்று ஐயப்படுவோர் 1971-இல் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். காலராவுக்கு நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த நீரை நோயாளிகளின் உறவினர்களைக் கொண்டே குடிக்கக் கொடுக்கச் செய்தார். 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இன்று தேவகோட்டை மருந்துக் கடையிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் உலகெங்கும் நம்பிக்கை பெற்றதில் அந்த முகாமுக்குப் பெரும் பங்கு உண்டு.

இதையெல்லாம் செட்டிநாட்டில் இருந்துகொண்டு விளக்க வேண்டியிருப்பதுதான் எனக்கு வியப்பு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட்டிக்கடை வேலைக்காகக் கப்பலேறி, மூன்றாண்டுக் கணக்கு என்ற பணித் தவணையை முடித்துத் திரும்பியவர்களை இந்த ஊர் சும்மா இருந்துவிட்டு வந்தவர்களாக நடத்தியதில்லை. கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகப் போனவர், ஏஜெண்டுக்கு உதவியாளரான அடுத்தாளாகவும் பிறகு கடையையே நடத்தும் ஏஜெண்டாகவும் உயர்ந்தது அந்த அனுபவத்தை மதித்ததால்தான். வட்டிக்கடைக்குக் கொடுத்த மதிப்பில் பாதியையாவது நோயாளிப் பராமரிப்புக்குக் கொடுத்தால் போதும் என்று கேட்கத் தோன்றுகிறது.

காரைக்குடி, தேவகோட்டை வட்டார மருத்துவமனை நிர்வாகங்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உதவி அமைப்பு தரும் பணிச்சான்றைப் பெற்று, பணிபுரிந்த காலத்தையும் பிரிவையும் சரிபார்த்து, அதை முழு அனுபவமாகவே ஊதிய நிர்ணயத்தில் சேர்க்க வேண்டும். ஏற்கெனவே பணியில் இருப்பவர்கள் செல்ல விரும்பினால், ராஜினாமா எழுதி வாங்காமல், ஊதியமில்லா விடுப்பில் அனுப்பித் திரும்பியதும் அதே பிரிவில் அமர்த்தலாம். அரசு தனது பணி நியமனங்களிலும் இதைப் பரிசீலிக்க வேண்டும். நம் பகுதிச் செவிலியர் கல்லூரிகளும் திரும்பி வந்தவர்களை அழைத்து, எஃப்-75 பாலை எப்படி அளந்து கலப்பது என்பதிலிருந்தே மாணவியருக்குச் செய்து காட்டச் சொல்லலாம். அழைத்தால் வர நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்,
காரைக்குடி.