எஸ்தருக்கு, தரங்கம்பாடியிலிருந்து

அன்பு மகள் எஸ்தருக்கு அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் சென்னை விடுதியில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் அழைத்தால் இரண்டு நிமிடத்துக்குள் "வகுப்புக்கு நேரமாகிவிட்டதுப்பா" என்று நீ வைத்துவிடுவதால், சொல்ல வேண்டியதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். தேர்வு முடிவைக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. நீயாகச் சொல்லும்வரை கேட்கக் கூடாது என்று அம்மாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆனாலும் முப்பத்தொரு ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவனுக்குச் சில கணக்குகள் தாமாகவே விளங்கிவிடுகின்றன. சென்ற மாதம் நீ கேட்ட தேர்வுக் கட்டணம் முதல் தடவை கேட்டதில் பாதிகூட இல்லை. ஜெர்மன் மொழிக்கான பி 2 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்ற நான்கும் தனித்தனிப் பகுதிகள் என்பதும், ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு அறுபது வேண்டும் என்பதும், தவறிய பகுதிக்கு மட்டும் மறுபடி பணம் கட்டினால் போதும் என்பதும் நீ மேசையில் விட்டுப்போன குறிப்பேட்டிலேயே இருக்கின்றன. அப்படியென்றால் மூன்றில் நீ தேறிவிட்டாய். 65 நிமிடத்தில் அத்தனை ஜெர்மன் பத்திகளைப் படித்து விடையளித்து, 75 நிமிடத்தில் 150 சொற்களில் உன் கருத்தையும் 100 சொற்களில் வேலையிடத்துக்கு ஒரு மடலையும் எழுதித் தேறியவர்கள் நம் குடும்பத்தில் வேறு யார் இருக்கிறார்கள்? ஊரெல்லாம் சொல்லி மகிழ வேண்டிய செய்தியை நான்காவது பகுதியின் வெட்கத்தில் பெற்றவர்களிடமே ஒளித்துவைத்தாயே என்பதுதான் மனத்தாங்கல். சொல்லியிருந்தால் நாங்கள் கோபித்துக்கொண்டிருப்போமா? நான் கோபித்துக்கொண்டிருப்பேன். அது உனக்கும் தெரியும்.

எந்தப் பகுதி என்று நான் கேட்கவில்லை. கேட்டல் பகுதியாக இருக்க முடியாது; அடுப்படியில் அம்மா முணுமுணுப்பது மாடியில் இருக்கிற உனக்குக் கேட்கும். ஆகவே ஒன்றுதான் மிஞ்சுகிறது. அதைப் பற்றி ஒரு ஆசிரியனாக மட்டும் சில வார்த்தைகள் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

மனப்பாடம் செய்யாதே. பயிற்சி மையத்தில் முழுப் பணத்தையும் முதலிலேயே வாங்கிக்கொண்டு, எல்லாத் தலைப்புக்கும் பொருந்தும் என்று ஒரே முன்னுரையை எல்லாருக்கும் உருப்போட வைத்தார்கள் என்று நீ தீபாவளி விடுமுறையில் சொன்னாய். நானும் அதைத்தான் செய்தேன். பள்ளியில் நான் எழுதிப்போட்ட பசு பற்றிய கட்டுரையை மூன்று தலைமுறைப் பிள்ளைகள் ஒப்பித்திருக்கிறார்கள், அவர்களில் ஒருவன்கூட ஆங்கிலத்தில் பசுவைப் பற்றிப் பேசியிருக்க மாட்டான். இந்தத் தேர்விலோ பதினைந்து நிமிடத் தயாரிப்புக்குப் பிறகு, இரண்டு தேர்வாளர்களின் முன்னால், இன்னொரு தேர்வரோடு சேர்ந்து நீ உட்கார வேண்டும். முதலில் நான்கு நிமிடம் ஒரு பொருளைப் பற்றிப் பேச வேண்டும், கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்க வேண்டும். உருப்போட்டது முதல் கேள்வியிலேயே அறுந்துவிடும். உச்சரிப்புக்கு மதிப்பெண் உண்டுதான். ஆனால் சொல்வளம், வாக்கிய அமைப்பு, பேச்சின் கோர்வை, கேட்டதற்குப் பதில் வந்ததா என்பவற்றுக்கும் உண்டு. ஆகவே மனப்பாடம் செய்யாதே.

பெயர்ச்சொல்லின் பால் தவறிப்போனால் நின்றுவிடாதே. சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்ற சொல்லையே 'தாஸ்' போட்டு அஃறிணை மாதிரி வைத்திருக்கிற மொழியில் யாருக்குத்தான் தடுமாறாது? அதே மொழி 'வைல்' என்று காரணம் சொல்லத் தொடங்கியதும் வினைச்சொல்லைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறது. வினையை வாக்கியத்தின் முடிவில் வைத்துப் பேசிப் பிறந்த நமக்கு அது புதிதா? உன் குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் பெருமையுமாக இருந்தது.

நீ பேசத் தெரியாத பெண் இல்லை. காரைக்கால் மருத்துவமனையில் இரவு நர்ஸ் பணி முடித்து வந்து, காலைப் பணிக்கு வந்தவர்களிடம் ஒவ்வொரு படுக்கையாக ஒப்படைத்ததைத் தாளைப் பார்க்காமல் அம்மாவிடம் அப்படியே சொல்வாய்; எந்தப் பாட்டிக்கு எத்தனை மணிக்குக் காய்ச்சல் இறங்கியது, யார் மாத்திரையைத் துப்பினார் என்பதெல்லாம் வரும். ஜெர்மனிக்குப் போயும் அதையேதான் செய்யப் போகிறாய். மொழிச் சான்றிதழும் நர்ஸ் படிப்புக்கு அங்கீகாரமும் கிடைக்கும்வரை உதவியாளராகத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று சொல்கிறாய். எட்டு வருட அனுபவத்தோடு போய் அப்படி நிற்க வேண்டியிருக்குமே என்று அம்மாவுக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. எனக்கும் வருவதில்லை, ஆனால் காரணம் வேறு.

டேனிஷ் கோட்டை வாசலில் நடந்தது உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. நீ அப்போது ஐந்தாம் வகுப்பு. வயதான ஒரு ஜெர்மானியத் தம்பதியர் புதிய எருசலேம் ஆலயத்துக்கு வழி கேட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன் நீ முன்னே போய், கையை நீட்டி, உனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாய். அந்த அம்மாள் குனிந்து உன் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நான் குறுக்கிட்டு ஒரு சொல்லைத் திருத்தினேன். நீ மறுபடி தொடங்கினாய், மறுபடி திருத்தினேன். மூன்றாம் தடவை நீ பாதியில் நிறுத்திவிட்டு, என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்விட்டாய். மீதியை நான் இலக்கணப் பிழையில்லாமல் சொல்லி முடித்தேன். அன்று இரவு அதைப் பெரியப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன், நீயும் அங்கே உட்கார்ந்திருந்தாய்.

இத்தனை காலமும் உன் நன்மைக்காகத் திருத்தினேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை, எஸ்தர். அந்தப் பெரியவர் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரிந்திருந்தது. ஆங்கில ஆசிரியன் என்று ஊரில் பெயர் வாங்கிய எனக்கு, பத்து வயது மகள் புரிந்துகொண்டது புரியாமல் போன வெட்கத்தை மறைக்கத்தான் உன்னைத் திருத்தினேன். அதன் பிறகு வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் நீ ஒரு வாக்கியம் சொல்வதற்கு முன் என் முகத்தைப் பார்த்துக்கொள்வாய். அது அடக்கம் என்று நான் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். நுங்கம்பாக்கத்தில் அந்த இரண்டு தேர்வாளர்களுக்கு எதிரே உட்கார்ந்தபோதும் நீ யாருடைய முகத்தைத் தேடியிருப்பாய் என்று நினைக்கும்போது எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூலை 9 வரும்போதெல்லாம் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் கதையைச் சொல்லி உன்னை அலுப்பூட்டியிருக்கிறேன்: 1706-இல் இந்தக் கரையில் இறங்கியவர், பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் அகரம் எழுதிப் படித்தவர், 1715-க்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சில் ஏற்றிவிட்டவர். படிப்பில் அவருக்கிருந்த ஊக்கத்துக்காகத்தான் அதைச் சொல்லிவந்தேன். அந்த ஜெர்மானியர் சொன்ன முதல் தமிழ்ச் சொற்களைக் கேட்டு அந்தப் பிள்ளைகள் எப்படிச் சிரித்திருப்பார்கள், அதற்குப் பிறகும் அவர் எப்படி மறுநாள் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அம்மா நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள். அடுத்த வாரம் சென்னை வருகிற சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புகிறாள். மேல்மாடி ஒழுகுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதற்காக நீ பணம் அனுப்ப வேண்டாம். மறுபடி கட்ட வேண்டியிருந்தாலும் தயங்காமல் கேள். மனப்பாடம் மட்டும் செய்யாதே.

ஒன்று செய்வாயா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பதினோரு மணிக்கு நான் திண்ணையில் இருப்பேன். என்னை அழைத்து, எந்தத் தலைப்பானாலும் சரி, நான்கு நிமிடம் ஜெர்மனில் பேசு. எனக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆகவே என்னால் திருத்தவும் முடியாது. கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அப்பா