காப்புக் கயிற்றுக்காக வேலை போனபோது கூட நின்றவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றி இது, ஆனால் பாதிப் பேர் "இதுக்கெல்லாமா" என்று பேச்சை மாற்றிவிட்டு டீ போடப் போய்விடுகிறீர்கள், அதனால் எழுதியே தீர்த்துக்கொள்கிறேன்.

கேஸ் போன மாதம் முடிந்தது. கோர்ட் விசாரணைத் தேதி வருவதற்கு முன்பே கம்பெனி சமரசத்துக்கு வந்துவிட்டது. எவ்வளவு என்று கேட்காதீர்கள், சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஊரில் இருக்கும் அம்மாவிடமே சொல்லவில்லை.

விஷயம் முழுசாகத் தெரியாதவர்களுக்கு: தைப்பூசக் காவடிக்குக் கொடியேறிய அன்று கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டேன். மஞ்சள் நூல், அதில் ஒரு விரலி மஞ்சள் துண்டு, பத்து நாள் விரதம். எனக்குக் கிடங்கு ஆபீஸில் கம்ப்யூட்டரில் டெலிவரி நோட் அடிக்கிற வேலை, மெஷினும் கிடையாது, சாப்பாட்டுப் பொருளும் கிடையாது. மூன்றாம் நாள் புது மேனேஜர் வந்து, கையில் என்ன அழுக்குக் கயிறு, கழற்று என்றார். இன்னும் ஏழே நாள் சார், விரதம் முடிந்துதான் அவிழ்க்க முடியும் என்றேன். கீழ்ப்படியவில்லை என்று நோட்டீஸ் வந்தது. வேடிக்கை என்னவென்றால், கம்பெனிக்குள் விசாரணை வைத்த அன்று என் கையில் காப்பே இல்லை, காவடி முடிந்து அவிழ்த்து ஐந்து நாள் ஆகியிருந்தது. இல்லாத கயிற்றைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசித்தான் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

முதல் நன்றி பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் குடிவந்த நாளிலிருந்து எனக்கு அவர்தான் இன்னொரு மாமியார். துணி ஃபாக்டரியில் ஷாப் ஸ்டூவர்டாக, அதாவது தொழிலாளர்களுக்காகப் பேசுகிற யூனியன் ஆளாக இருந்து ரிட்டையரானவர். நான் வெளியே தலைகாட்டாமல் கிடந்ததைப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டினார், அவர் கேட்டது ஒரே கேள்வி: எத்தனை நாளாச்சு? இருபத்தாறு என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். வேலைநீக்கத்தை 30 நாளுக்குள் சிசிஎம்ஏ என்கிற தொழில் தகராறு சமரச அமைப்புக்குக் கொண்டு போக வேண்டும், தாண்டினால் ஏன் தாமதம் என்று தனியாக மனுப்போட்டு மன்றாட வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், பீன்ஸ் குழம்புச் சட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு, 7.11 என்கிற அந்தப் படிவத்தை நிரப்பினோம். காரணம் கேட்கிற இடத்தில் "அநியாயம்" என்று மட்டும் எழுதப் போனேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். மதம், பண்பாடு என்று எழுது என்றார். சாதாரண வேலைநீக்கம் என்றால் அதிகபட்ச இழப்பீடு 12 மாதச் சம்பளம்தான். பாகுபாட்டால் நீக்கினார்கள் என்றால் சட்டம் அதைத் தனி வகையாக வைத்திருக்கிறது, 24 மாதம் வரை போகலாம், தொழிலாளர் நீதிமன்றத்துக்கும் போகலாம். படிவத்துக்குக் காசு ஒன்றும் கிடையாது. கம்பெனிக்கு ஒரு பிரதி அனுப்பி, அனுப்பியதற்கு ஆதாரமும் வைத்துக்கொண்டோம்.

சிசிஎம்ஏ வைக்கிற சமரசப் பேச்சுக்கு வக்கீலைக் கூட்டிப்போக விடமாட்டார்கள். நான் மட்டும் உள்ளே, ஆன்ட்டி வெளியே பிளாஸ்க்கோடு. ஒன்றும் நடக்கவில்லை. தீரவில்லை என்று சான்றிதழ் கொடுத்தார்கள், அதை வைத்து 90 நாளுக்குள் டர்பன் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனோம்.

அந்தக் கேஸை ஒரு பைசா வாங்காமல் நடத்திய வக்கீல் தங்கச்சிக்கு அடுத்த நன்றி. "காப்புக் கட்டுவது உங்கள் மதத்தில் கட்டாயமா?" என்று கம்பெனி கேட்டபோது நான் திணறினேன், அவள் சிரித்தாள். இதே டர்பனில் ஒரு தமிழ்ப் பெண் பள்ளிக்கு மூக்குத்தி போட்டுப் போன வழக்கில், 2007-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா அக்கா என்று ஆரம்பித்தாள். கட்டாயமான சடங்குக்கு மட்டுமல்ல, ஒருவர் மனமுவந்து கடைப்பிடிக்கிற வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்பதுதான் அந்தத் தீர்ப்பு. 2013-இல் சடைமுடி வெட்ட மறுத்து வேலை இழந்த சிறைக் காவலர்கள் ஜெயித்ததையும் எடுத்து வைத்தாள். கோயில் குருக்கள் காப்பு என்றால் என்னவென்று அரைப் பக்கத்தில் எழுதிக்கொடுத்தார், இந்த மனிதருக்கு இவ்வளவு சுருக்கமாக எழுதவும் வருமா என்று ஆச்சரியப்பட்டுப் போனேன்.

ஆனால் கேஸைத் திருப்பியது எங்கள் கிடங்கின் டிஸ்பேட்ச் அண்ணன்தான். அவருக்குத் தமிழ் தெரியாது, இதை நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். ஜூலு வீடுகளில் முன்னோருக்கு ஆடு வெட்டிக் கும்பிட்டுவிட்டு அந்தத் தோலில் ஒரு பட்டை வெட்டி மணிக்கட்டில் போட்டுக்கொள்வார்கள், இசிபான்ட்லா என்று பெயர். எங்கள் காப்புக்கு அண்ணன் தம்பி மாதிரி. அவர் கையில் அது எத்தனையோ மாதம் இருந்திருக்கிறது, அதே மேனேஜர் பார்த்திருக்கிறார், ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதை அஃபிடவிட்டாக எழுதித்தர அவர் ஒத்துக்கொண்டார், அதுவும் அதே இடத்தில் வேலையில் இருந்துகொண்டே. போலீஸ் ஸ்டேஷன் கவுன்ட்டரில் முத்திரை குத்தும்போது என் கைதான் நடுங்கியது, அவர் சாவகாசமாகச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார்.

வேலையில்லாக் காப்பீட்டுப் பணத்துக்காக என்னோடு இரண்டு நாள் வரிசையில் நின்ற சித்ரா அக்கா என்று இங்கே நான் கூப்பிடும், உண்மையில் வேறு பெயருள்ள அக்காவே, உங்களுக்கும். "கயிறுதானே, கழற்றியிருந்தால் முருகன் கோபித்துக்கொள்ளவா போகிறார்" என்று சொன்னவர்களுக்கும் சேர்த்துத்தான். சமரசப் பேச்சில் கம்பெனி ஆளும் அச்சு அசலாக அதையே கேட்டார், உங்கள் புண்ணியத்தில் பதில் தயாராக இருந்தது.

அத்தை, உங்களிடம் மூன்று வாரம் வேலைக்குப் போவதாக நடித்தேன். டிபன் பாக்ஸ் தினமும் கழுவித் துடைத்துத் திரும்பி வந்ததிலேயே தெரிந்துவிட்டது என்று இப்போதுதான் சொல்கிறீர்கள். தெரிந்தும் தினமும் சோறு கட்டிக்கொடுத்தீர்களே.

ஆன்ட்டி, உங்கள் ஸ்டேப்ளர் இன்னும் என் ஃபைலுக்குள்தான் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன்.