செயலாளர் ஆண்டறிக்கை: பெரியாச்சி இல்லாத முதல் பொதுக்குழு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், மடியிலிருந்த பீடித்தட்டை இறக்கி வைத்துவிட்டு இந்தப் பகல்பொழுதில் வந்து அமர்ந்திருக்கும் அக்காமார், மதினிமார் அனைவருக்கும் வணக்கம். நம் தெரு மகளிர் சங்கத்தின் கடந்த ஓராண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நாம் மனு கொடுத்தவற்றில் தெருவிளக்கு வந்துவிட்டது; குடிநீர்க் குழாய் வேலை கீழத்தெரு முனையோடு நிற்பதால் மறுபடியும் மனு கொடுத்திருக்கிறோம். மற்ற பணிகளை இவ்வளவில் நிறுத்திக்கொள்ள அவையின் அனுமதியைக் கோருகிறேன். இந்த ஆண்டு அறிக்கையை எழுத உட்கார்ந்தபோது, எந்தப் பணியைத் தொட்டாலும் அது பெரியாச்சியிடமே போய் முடிந்தது.

நம் சங்கத்தின் மூத்த உறுப்பினரான பெரியாச்சி கடந்த மார்கழியில் காலமானார். எண்பதைத் தாண்டிய வயது. பதினாறாம் நாள் வீட்டில் பேசியவர்கள் பலரும் அவரைப் பொறுமைசாலி என்று போற்றினார்கள். அவருக்குப் பக்கத்தில் இருபது ஆண்டுகள் உட்கார்ந்து பீடி சுற்றியவள் என்ற முறையில் அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இலை எடை குறைந்தாலும், கணக்கில் ஒரு கட்டு விடுபட்டாலும், இலையும் புகையிலைத் தூளும் கொடுத்துச் சுற்றிய பீடியை வாங்கிக்கொள்ளும் பீடிக்கடையின் வாசலில் நின்று அன்றைக்கே கேட்டுத் தீர்த்துவிட்டு வருபவர் அவர். கொடுத்த இலையை நேராக வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார். வழியில் பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வருவார். இலை குறைந்தால் ஆயிரம் பீடிக் கணக்கை நிரப்பக் கைக்காசைப் போட்டு இலை வாங்க வேண்டியிருக்கும் என்பது இங்கே அமர்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

கணவர் நோயில் இறந்தபோது அவருக்கு நான்கு பிள்ளைகள். கடைசிப் பிள்ளை அப்போது பால்குடி. வயலும் இல்லை, தாய்வீட்டு ஆதரவும் இல்லை. திருநெல்வேலிச் சீமையின் இந்த முக்கூடல் சுற்றுவட்டாரத்தில் அந்த நிலையிலிருந்த பெண்ணுக்கு எஞ்சியிருந்தது பீடித்தட்டு ஒன்றுதான். இரவில் இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்து, விடியுமுன் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளைப் பரப்பிச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்கி, இருபத்தைந்து இருபத்தைந்தாக 40 கட்டு சேர்த்தால்தான் ஆயிரம் பீடிக்கான கூலி. அந்த நாற்பது கட்டுக்குள்தான் அவர் நான்கு பிள்ளைகளுக்கும் சோறு போட்டார், மூன்று கல்யாணங்களை முடித்தார், மாமியாரைப் படுக்கையில் வைத்து இறுதிவரை பார்த்தார். தூளின் நெடியால் வந்த இருமலும், குனிந்தே இருந்ததால் வந்த இடுப்புவலியும் கடைசிவரை அவரை விடவில்லை.

ஒன்றை இங்கே மறைக்காமல் சொல்வது அவருக்கு நாம் செய்யும் மரியாதை என்று கருதுகிறேன். மூத்த மகளை ஐந்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தித் தட்டின் முன் உட்கார வைத்தது பெரியாச்சிதான். அந்த அக்கா இன்று முன்வரிசையில் இருக்கிறார். இதை எழுத அவரிடம் ஒப்புதல் பெற்றேன். அந்த முடிவைப் பெரியாச்சி ஒருநாளும் நியாயப்படுத்தியதில்லை. பேத்திகள் பள்ளி நாளில் நூலைத் தொட்டால்கூடக் கையைத் தட்டிவிடுவார். பீடித் தொழிலாளர் நல நிதியிலிருந்து பிள்ளைகளுக்குக் கிடைக்கும் கல்வி உதவித்தொகைக்கு ஆண்டுதோறும் அடையாள அட்டை நகலோடு முதல் ஆளாக வந்து நிற்பார். அவருடைய பேத்திகளில் ஒருவர் இன்று செவிலியராக இருக்கிறார்.

ஆனால் இந்தச் சங்கம் அவரை நினைக்க வேண்டியது இதற்கும் மேலான ஒரு காரியத்துக்காக. வீட்டிலிருந்து சுற்றும் பெண்ணும் தொழிலாளியே என்று 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமே சொன்னது. வருங்கால வைப்பு நிதி 1977இல் பீடித் தொழிலுக்கு வந்தது. சட்டம் வந்தும் நம் வீடுகளில் வழக்கம் மாறவில்லை. பீடிக்கடைக் கணக்கை எழுதும் பாஸ்புத்தகம் மாமியார் பெயரில் ஒன்று இருக்கும். மகளும் இரண்டு மருமகள்களும் சுற்றுவது அத்தனையும் அதிலேயே ஏறும். புதிதாக ஒரு பெயர் ஏறினால் நிறுவனமும் அவருக்காகத் தன் பங்கைச் செலுத்த வேண்டும் என்பதால் கடைக்காரர்களும் இதையே விரும்பினார்கள். முப்பது ஆண்டு சுற்றிய மருமகளுக்குக் கணக்கில் முப்பது நாள்கூட இருக்காது. பெரியாச்சி இதற்கு உடன்படவில்லை. ஒவ்வொரு மருமகள் வந்த போதும், மறுவீட்டு விருந்து முடிந்த கையோடு பீடிக்கடைக்கு அழைத்துப் போய், அவள் பெயருக்குத் தனிப் புத்தகம் போடாமல் தூளோ இலையோ வாங்குவதில்லை என்று உட்கார்ந்துவிட்டார். ஒரு மருமகளுக்காக ஏழு நாள் வீட்டில் வேலை இல்லாமல் இருந்தது. தெருவில் புதிதாகச் சுற்றப் பழகும் பெண்ணிடமும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “ஏட்டி, புத்தகத்துல யாரு பேரு கெடக்கு?” என்பதுதான். என்னிடமும் கேட்டார். என் பெயர் ஏறியது அந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

1992 நவம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது அவர் வீட்டில் ஊறவைத்த இலையும் தூளும் போயின. உத்தரத்தில் தூக்குச்சட்டிக்குள் கட்டித் தொங்கவிட்டிருந்த பாஸ்புத்தகங்கள் மட்டும் நனையவில்லை. போன இலைக்கான காசைக் கூலியில் பிடித்தபோது, அந்தத் தொகையையும் அதே புத்தகத்தில் தேதியோடு எழுத வைத்தார். அந்தப் பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன்.

வயது நிறைந்தபின் அவருக்கு ஓய்வூதியம் வந்தது. முதலில் சில நூறு ரூபாய். குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் உயர்த்தப்பட்ட பிறகு மாதம் 1000 ரூபாய். அதில் ஒரு ரூபாயும் அவர் யாரிடமும் கை நீட்டிப் பெற்றதல்ல. அந்தப் பணத்தில் மருந்து வாங்கியதுபோக மீதியை மூத்த மகளிடம் கொடுத்து வந்தார். எதற்கென்று அவர் சொன்னதில்லை, எங்களுக்குத் தெரியும்.

சங்கம் இந்த ஆண்டு எடுத்துக்கொண்ட பெரும்பணியும் அவர் விட்டுச்சென்ற இடத்திலிருந்தே தொடங்கியது. நம் உறுப்பினர்கள் பலருக்கு ஆதாரில் ஒரு பெயரும் வைப்பு நிதிக் கணக்கில் வேறொரு பெயரும் இருக்கின்றன. சிலருக்குத் தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கணவர் பெயர். பலருக்குப் பிறந்த ஆண்டு கடையில் குத்துமதிப்பாக எழுதப்பட்டது. இந்த வேறுபாடு நீங்காமல் 58 வயதில் ஓய்வூதியம் கேட்டு 10-டி படிவம் கொடுத்தால் அது திரும்பி வந்துவிடுகிறது. திருத்தத்துக்குத் தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவம் வேண்டும். செயற்குழு வீடு வீடாகச் சென்று புத்தகங்களை வாங்கிப் பார்த்து, யாருக்கு எது பொருந்தவில்லை என்று ஒரு பதிவேட்டில் எழுதியிருக்கிறது. பத்தாண்டுப் பணி நிறைவு பெறாதவர்கள் ஓய்வூதியத்தை இழக்க நேரும் என்பதால், வேலையை இடையில் விட எண்ணுபவர்கள் முதலில் அந்தப் பதிவேட்டைப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பதிவேட்டைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ளப் பெரியாச்சியின் மூத்த மகள் முன்வந்துள்ளார். பழைய தூக்குச்சட்டியும் அங்கேதான் இருக்கிறது.

பெரியாச்சியின் கடைசி மருமகளுக்கு வரும் ஆடியில் 58 நிறைகிறது. அவர் புத்தகத்தில் பிறந்த ஆண்டு மூன்றாண்டு தள்ளி எழுதப்பட்டிருப்பதால், கையெழுத்துப் பெற அடுத்த திங்கட்கிழமை காலை நானும் பொருளாளரும் அவரோடு பீடிக்கடைக்குப் போகிறோம். இதே குறை உள்ளவர்கள் பள்ளிச் சான்றிதழோ பிறப்புச் சான்றிதழோ எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்கு அம்மன் கோயில் முன் வந்து சேரவும்.