ஸ்டேஜ் 3 என்ற ஒரே வரி

பாளையங்கோட்டை

அன்புள்ள ராமநாதா,

உன் கடிதமும் அத்தானின் பெருங்குடல் புற்றுநோய் பயாப்ஸி ரிப்போர்ட் நகலும் கிடைத்தன. கண்புரை ஆபரேஷன் முடிந்து சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்ததால் உடனே எழுத முடியவில்லை. எங்கள் வீட்டுச் சுவர் வெள்ளை என்பதே இப்போதுதான் தெரிகிறது. மஞ்சள் என்றல்லவா நினைத்திருந்தேன்!

“ஸ்டேஜ் 3பி என்கிறார்கள், இன்னும் எத்தனை வருஷம் இருப்பார்டா?” என்று கேட்டிருக்கிறாய். அதற்கு ஒரு எண்ணைச் சொல்லி அனுப்பும் டாக்டரை நான் நம்ப மாட்டேன். அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டுக் கணக்குப்படி, நோய் குடலோடு நின்றிருந்தால் நூற்றுக்குச் சுமார் 90 பேர் ஐந்து வருஷம் தாண்டுகிறார்கள். பக்கத்து நிணநீர்க் கணுக்களை எட்டியிருந்தால் 70க்குச் சற்று மேல். ஈரல், நுரையீரல் என்று போய்விட்டால் 15 வாக்கில். அத்தான் நடுவில் இருக்கிறார். ஆனால் அந்த நடுவுக்குள்ளேயே எத்தனையோ விதமான ஆட்கள். குடல் சுவரைத் துளைத்து வெளியே வந்துவிட்ட டி4 கட்டி, கணுவைத் தொடாவிட்டாலும், பெயரளவில் ஸ்டேஜ் 2தான். கணுவைத் தொட்ட ஒரு சின்னக் கட்டிக்கு ஸ்டேஜ் 3ஏ என்று பெயர். பிழைப்பதோ பெரும்பாலும் பின்னவர்தான். 1932இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியில் டியூக்ஸ் என்ற மைக்ராஸ்கோப் டாக்டர் ஏ, பி, சி என்று நோயைப் பிரித்துத் தொடங்கி வைத்ததை இன்னும் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்த ரிப்போர்ட்டில் எனக்கு மிகவும் பிடித்த வரி எது தெரியுமா? “17 கணுக்களில் 1.” நீங்கள் எல்லோரும் நோய் இருந்த அந்த ஒன்றைப் பார்த்து அழுதிருப்பீர்கள். நான் பதினேழைப் பார்த்தேன். குறைந்தது 12 கணுவாவது பார்த்திருக்க வேண்டும் என்பது விதி. குடலோடு ஒட்டி வரும் கொழுப்பை ஃபார்மலினில் ஊறவைத்து, மெல்லிசாக நறுக்கி, விரலால் நசுக்கி நசுக்கித் தேட வேண்டும். அரிசியில் கல் பொறுக்குகிற வேலை. சிலது இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், கண்ணுக்கு அகப்படாது, விரலுக்குத்தான் அகப்படும். நாலைந்து கிடைத்ததும் போதும் என்று கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டால், நோய் இருந்த கணு வாளியோடு போய்விடும்; ரிப்போர்ட்டில் ஸ்டேஜ் 2 என்று விழும்; கீமோவும் கிடைக்காமல் போகலாம். அதனால்தான் அதிகக் கணு பார்க்கப்பட்டவர்கள் அதிகம் பிழைக்கிறார்கள் என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு சொல்கிறது. சர்ஜன் தாராளமாக வெட்டி எடுத்திருக்கிறார், லேபில் யாரோ பொறுமையாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி. பிழைப்பை நிர்ணயிப்பது கட்டியின் குணம் மட்டும் என்று நினைக்காதே, அதைத் தொட்ட கைகளும்தான்.

மற்ற வரிகளும் தேவலை. வெட்டின ஓரங்களில் நோய் இல்லை. ரத்தக் குழாய்க்குள்ளும் நரம்பைச் சுற்றியும் பரவவில்லை. குடல் அடைத்தோ ஓட்டை விழுந்தோ அவசரமாகத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. அப்படிப் போகிறவர்களின் நிலைமை கொஞ்சம் மோசம்தான். கட்டி இடது பக்கம், அதுவும் நல்லதற்கே.

ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது. எம்எம்ஆர் என்று, செல்லின் டிஎன்ஏவில் விழும் பிழைகளைத் திருத்துகிற நாலு புரதங்களுக்குச் சாயம் போட்டுப் பார்ப்பார்கள். அது செய்யப்படவில்லை. மெழுகில் பதித்து வைத்திருக்கும் அதே சதைத் துண்டில் (பிளாக்) செய்யலாம், மறுபடி கத்தி வேண்டாம். புரதம் ஒன்று காணாமல் போயிருந்தால், பரம்பரை வழியா என்று அடுத்த சோதனை செய்ய வேண்டிவரும். அக்கா பிள்ளைகளுக்கும் கொலனோஸ்கோப்பி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) தேவைப்படலாம். நாளைக்கு நோய் திரும்பினால் எந்த மருந்து என்பதற்கும் அது உதவும். அக்காவிடம் இப்போதே பிள்ளைகள் பேச்சை எடுக்காதே, முடிவு வரட்டும்.

கீமோ மூன்று மாதமா ஆறு மாதமா என்று சண்டை என்கிறாய். 12 நாடுகளில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஆறு ஆய்வுகளைச் சேர்த்து 2018இல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். அத்தானைப் போல டி3 (கட்டி குடல் தசையைத் தாண்டியது), என்1 (மூன்று கணுவுக்குள் நோய்) ஆக இருந்து, கேப்சிட்டபின், ஆக்ஸாலிபிளாட்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகளையும் கொடுத்தால், மூன்று மாதமே ஆறு மாதத்துக்கு ஏறக்குறைய ஈடு. கை கால் மரத்துப்போவதும் வெகுவாகக் குறைகிறது. தையற்கடைக்காரருக்கு விரல் மரத்துப்போனால் என்ன ஆகும் என்று கீமோ டாக்டரிடம் நீயே எடுத்துச் சொல். அவர் சொல்வதுதான் கடைசி முடிவு, நான் வெறும் மைக்ராஸ்கோப் ஆசாமி.

கீமோ முடிந்ததும் அவரை நடக்க விடு. இது சும்மா உபதேசம் இல்லை. 2025இல் வந்த சேலஞ்ச் ஆய்வில், கீமோ முடித்த 889 பேரில் பாதிப் பேருக்கு ஆள் வைத்து மூன்று வருஷம் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். எட்டு வருஷம் கழித்து அவர்களில் 90 சதவீதம் உயிரோடு. புத்தகம் மட்டும் கொடுத்து அனுப்பினவர்களில் 83. மாத்திரையில் இந்த வித்தியாசம் வந்திருந்தால் கம்பெனிக்காரன் என்ன விலை சொல்லியிருப்பான், யோசித்துப் பார்! அத்தான் நாளெல்லாம் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறவர், முதலில் முறைப்பார். நீ கூடப் போ. உன் தொப்பைக்கும் நல்லதுதான்.

ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த சிஇஏ ரத்த அளவு (இந்த நோயில் ரத்தத்தில் கூடக்கூடிய ஒரு புரதம்) ரிப்போர்ட்டில் இல்லை. டிஸ்சார்ஜ் ஃபைலில் தேடி எடுத்து போட்டோ அனுப்பு. இப்போது மறுபடி ஒன்று எடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

சின்னவளுக்கு மதுரையிலேயே வேலை கிடைத்துவிட்டது. கமலா உன்னை விசாரித்தாள், உன் பையன் கல்யாணப் பேச்சு என்ன ஆயிற்று என்றும் கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
சண்முகம்