கிரிஃபித் மட்டுமா? ஃபிராங்க் வுட்ஸ் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த அமெரிக்க மௌனப் படங்கள் பற்றிய கட்டுரையில் பத்திக்குப் பத்தி இயக்குநர் டி.டபிள்யூ. கிரிஃபித் வருகிறார். அவருக்குக் கதை எழுதிய ஃபிராங்க் வுட்ஸ் ஓரிடத்தில்கூட இல்லை. பேசாத படத்துக்கு எழுத்தாளர் எதற்கு என்று நினைத்துவிட்டாரோ கட்டுரையாளர்!

வுட்ஸ் 1860-ல் பென்சில்வேனியாவில் பிறந்தவர். நியூயார்க்கின் 'டிரமாட்டிக் மிரர்' என்ற நாடகப் பத்திரிகையில் வேலை பார்த்தார். 1908-ல் அந்தப் பத்திரிகை சினிமா விமர்சனத்தைத் தொடங்கியபோது பொறுப்பு அவர் கைக்கு வந்தது. படம் என்றால் ஐந்து சென்ட்டுக்குக் காட்டும் ஒரு ரீல் வேடிக்கை என்றிருந்த காலம் அது. அதையும் மேடை நாடகத்துக்குச் சமமாக மதித்து, 'ஸ்பெக்டேட்டர்' என்ற புனைபெயரில் வாராவாரம் எழுதினார். நடிகர்கள் கேமராவை ஓரக்கண்ணால் பார்ப்பதை அவர் விடாமல் கண்டித்தார். பார்வை ஒரு கணம் இந்தப் பக்கம் திரும்பினாலே கதை உடைந்துபோகும் என்பது அவர் கட்சி. இன்று நடிப்புப் பள்ளியில் முதல் பாடமே இதுதான்.

விமர்சனம் எழுதிக்கொண்டே, கிரிஃபித் படமெடுத்துக்கொண்டிருந்த பயோகிராஃப் கம்பெனிக்குக் கதைகளும் விற்றார். அதே கம்பெனியின் படங்களை அவருடைய பத்திரிகை எடைபோட்டுக்கொண்டும் இருந்தது. நம் ஊரில் இப்படி ஒருவர் செய்தால் சும்மா விடுவோமா? பயோகிராஃப் அப்போது திரையில் யார் பெயரையும் போடுவதில்லை. எனவே கொட்டகையில் இருந்தவர்களுக்கு இது தெரிய வழியே இல்லை.

பிறகு கிரிஃபித்தின் கதை இலாகாவுக்கே தலைவரானார். அங்கிருந்தவர்கள் அவரை 'டாடி வுட்ஸ்' என்றே கூப்பிட்டார்கள். பின்னாளில் புகழ்பெற்ற அனிதா லூஸ் போன்ற இளம் எழுத்தாளர்களுக்கு ஊக்கம் கொடுத்தவரும் அவர்தான்.

கட்டுரையாளரோடு எனக்கு உண்மையான வழக்கு இனிமேல்தான். தாமஸ் டிக்சனின் 'தி கிளான்ஸ்மேன்' கதையைக் கினிமாகலர் கம்பெனி வண்ணத்தில் எடுக்கத் தொடங்கிப் பாதியில் கைவிட்டது. அதற்குத் திரைக்கதை எழுதியவர் வுட்ஸ். கிரிஃபித்திடம் அந்தக் கதையைக் கொண்டுபோனவரும் அவரே. அதிலிருந்து உருவாகி 1915-ல் வெளியான 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' படத்தின் திரைக்கதையில் இருவர் பெயரும் உண்டு. வெள்ளைக்கார நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களை இழிவாகக் காட்டிய படம் அது. கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலை ரட்சகர்களாக்கிய படம். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. நகரம் நகரமாக எதிர்த்தது. செத்துக் கிடந்த கிளான் அதே ஆண்டில் ஜார்ஜியாவில் உயிர்பெற்று எழுந்தது. கட்டுரையாளரோ படத்தொகுப்பின் அழகை இரண்டு பத்திக்குப் புகழ்ந்துவிட்டு, "சர்ச்சைக்குள்ளானது" என்ற ஒற்றைச் சொல்லோடு கடந்துவிட்டார்.

1927-ல் ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமியைத் தொடங்கிய 36 பேரில் வுட்ஸும் ஒருவர். 1939-ல் காலமானார். இந்தக் கட்டுரை தொடராக வளருமானால் அவருக்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். கேமராவைப் பார்க்காதே என்று சொன்னவரைப் பற்றி எழுதும்போது, 1915-ல் அவர் எழுதிக் கொடுத்ததையும் விட்டுவிடாமல் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
தஞ்சாவூர்